மதர்போட்டையே மாற்றச் சொல்கிறார்கள்: 6ஆம் தலைமுறை ஐ5இல் விண்டோஸ் 11 ஓடுமா?

சிங்கமலை (கொட்டகலை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5 6500, 8 ஜிபி ரெம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கூடவே கெனன் எல்பிபி 2900 பிரின்டர். தங்கச்சி உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) படிக்கிறாள். நான் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வினாத்தாள் டைப் பண்ணிக் கொடுக்கிறேன், முக்கால்வாசி பாமினி எழுத்துருவில். அப்பாவின் கடைக் கணக்கும் இதில்தான்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது என்று திரை முழுக்க அறிவிப்பு வருகிறது. டவுனில் ஒரு கடையில் கேட்டேன். இதற்கு 11 போடவே முடியாது, மதர்போட், புரொசசர், ரெம் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்குப் பாவித்த லெப்டொப் ஒன்றே வாங்கிவிடலாம். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஒன் ஆகத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

கடைக்காரர் சொல்வது உண்மையா? இல்லாவிட்டால் 10இலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

பண்டாரவளை பொடியன்

அண்ணே, போடலாம். ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென் டிரைவ் செய்யும்போது, 11 கேட்கும் டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளில் மட்டும் ஒன் ஆக விடும் காவல்), ரெம் சோதனைகளை நீக்கவா என்று கேட்கும். டிக் பண்ணிவிட்டுப் போட்டால் வேலை முடிந்தது. என்னுடையது 4ஆம் தலைமுறை ஐ3. அதிலேயே 11 ஓடுகிறது. சும்மா காசைக் கொட்டாதீங்க.

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. நானும் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ் 11 வந்தது 2021 ஒக்டோபர் 5. அது கேட்பது 64 பிட் புரொசசர், 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், யூஈஎஃப்ஐ (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோசின் புதிய வடிவம்), செக்யூர் பூட், டிபிஎம் 2.0. இவற்றில் எதுவும் உங்கள் மெஷினுக்குப் பெரிய தடை இல்லை. 6ஆம் தலைமுறைக்கான மதர்போட்கள் பலவற்றில் பயோசுக்குள் பிடிடி என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை ஒன் பண்ணினால் டிபிஎம் 2.0 வந்துவிடும். தனியாக ஒரு சில்லு வாங்கத் தேவையில்லை.

தடை, மைக்ரோசொஃப்ட் 11க்கு ஏற்றுக்கொள்ளும் புரொசசர்களின் பட்டியலில்தான். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் பட்டியலில் இருக்கிறது. 6500 வந்தது 2015இல், அதனால் அது வெளியே.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். வியாபாரமும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. விண்டோசின் உட்கருவுக்குள் கள்ள டிரைவர் எதுவும் நுழையாமல் பார்ப்பது அதன் வேலை. அந்த வேலைக்கு உதவும் வசதி இன்டெல் சில்லுகளில் 7ஆம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய சில்லுகளில் அதே வேலையை மென்பொருளால் செய்ய வேண்டும், அப்போது மெஷின் இழுக்கும். சரி, அப்படியென்றால் 7ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், மைக்ரோசொஃப்டிடம் இருந்து மனசுக்குப் பிடித்த பதில் கிடைக்காது. 7இல் ஒரு சில மாதிரிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

இப்போது பொடியன் சொன்ன வழி. அது வேலை செய்யும். பட்டியலுக்கு வெளியே உள்ள மெஷின்களில் போட்டுக்கொடுத்திருக்கிறேன். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை வந்தே தீரும் என்று மைக்ரோசொஃப்ட் எந்த உறுதியும் தரவில்லை. அதைவிட முக்கியம், வருடத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பு தானாக வராது. 24எச்2 (2024இல் வந்த பதிப்பு) ஹோமுக்கு ஆதரவு 2026 ஒக்டோபர் 13 வரை, 25எச்2 ஹோமுக்கு 2027 ஒக்டோபர் 12 வரை. அந்தத் திகதிக்கு முன்னால் நீங்களே ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவும் கோப்பு) இறக்கி, மறுபடியும் அதே குறுக்கு வழியில் ஏற்ற வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் செய்ய உங்களுக்குப் பொறுமை இருந்தால் சரி. செய்யாமல் விட்டால், 10இல் இருந்த அதே நிலைமையில் 11இலும் இருப்பீர்கள்.

கோர் 2 டுவோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 24எச்2 முதல் எஸ்எஸ்ஈ 4.2 கட்டளைகள் இல்லாத புரொசசரில் விண்டோஸ் எழும்பவே எழும்பாது. ரூஃபஸ் என்ன, யாராலும் அதைத் தாண்ட முடியாது.

சிங்கமலை (கொட்டகலை)

நன்றி அண்ணே. அப்போ 10இலேயே இருப்பது எவ்வளவு ஆபத்து? ஆதரவு முடிந்தால் வேலை நின்றுவிடுமா?

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

நிற்காது. 2025 ஒக்டோபர் 14இல் நின்றது இலவசத் திருத்தங்கள்தான். மெஷின் நேற்றுப் போலவே இன்றும் ஓடும். ஆபத்து மெதுவாகத்தான் வரும். புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், 11இல் அடைப்பார்கள், 10இல் அது திறந்தே கிடக்கும். ஆள் யார் கதவைத் தட்டுவான் என்று தெரியாது. எந்நேரமும் இன்டர்நெட்டில் இருக்கும் மெஷினை அப்படி விடாதீங்க.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது, இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. ஈஎஸ்யூ என்று நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள். வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். செட்டிங்ஸ் திறந்து விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போங்க, சேர்வதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும். உங்கள் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். 30 டொலர் கட்டியும் எடுக்கலாம். செட்டிங்சை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பெக்கப் பண்ணச் சம்மதித்தால் காசில்லாமலே தருகிறார்கள். ஒரே கணக்கில் 10 மெஷின் வரை சேர்க்கலாம். புதிய வசதி எதுவும் வராது, ஓட்டை அடைப்பு மட்டும்தான். உங்களுக்குத் தேவையும் அதுதானே.

கணக்கு டீச்சர் (தலவாக்கலை)

சிங்கமலை தம்பி, என்ன முடிவு எடுத்தாலும் வினாத்தாள் கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வைங்க. டி டிரைவில்தான் இருக்கிறது, பயமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்ட இரண்டு பிரிவுகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். விண்டோஸ் போடும்போது அவசரத்தில் பிரிவை மாற்றி அழித்தாலும் அதே கதிதான்.

இன்னொன்று எழுத்துரு. 10க்கு மேலேயே 11ஐ ஏற்றினால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் பாமினி இருக்காது. பாமினியில் அடித்த பழைய வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், எழுத்துருவைப் போட்டதும் சரியாகிவிடும். ஆகவே ஃபொன்ட்ஸ் கோப்புறையில் நீங்கள் போட்டவை எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்க. யூனிகோட் கோப்புகளிலும் சிலதில் லதா எழுத்துரு இருக்கும். 10இலும் 11இலும் லதா தானாக வராது, ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் திறந்தால் பக்க அமைப்பே நகர்ந்துவிடும். இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாவது பக்கத்துக்கு ஒரு வரியைத் தள்ளிவிட்டு நிற்கும், போட்டோகொப்பிக் கடையில் போய் நின்றுகொண்டுதான் அதைக் கண்டுபிடிப்போம்.

பண்டாரவளை பொடியன்

> அதை ஒவ்வொரு முறையும் செய்ய உங்களுக்குப் பொறுமை இருந்தால் சரி

வருடத்துக்கு ஒரு தரம், ஒரு பின்னேர வேலை அண்ணே. அதற்காக நல்லா ஓடும் மெஷினை ஒதுக்க முடியுமா? இலங்கையில் எத்தனை பேர் புதிசு வாங்கும் நிலைமையில் இருக்கிறார்கள்?

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

உங்கள் மெஷின் என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் தம்பி. நீங்கள் கவனிப்பீர்கள். சிங்கமலை வீட்டில் மூன்று பேர் பாவிக்கிறார்கள், அதில் ஒருவர் கடைக் கணக்கு பார்க்கிறார். பேங்க் விஷயமும் அதில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட மெஷினில் "வந்தால் வரும்" என்ற திருத்தத்தை நம்பி இருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புதிசு வாங்கச் சொல்லவும் இல்லை. நான் சொல்வது எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்.

8 ஜிபி ரெம் இருக்கிறது, நான்கு கோர் இருக்கிறது. ஒன் ஆக நேரம் எடுக்கிறதென்றால் குறை ஹார்ட் டிஸ்கில்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க, எழும்பும்போது டிஸ்க் 100 வீதத்தில் நிற்கும். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் அதே 10 வேறு மெஷின் போல ஓடும். ஹார்ட் டிஸ்கில் 11ஐ ஏற்றினால் இருக்கிற வேகமும் போய்விடும், பட்டியலில் உள்ள மெஷினாக இருந்தாலும் இதே கதைதான். மதர்போட் மாற்றச் சொன்னவர் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய எஸ்எஸ்டி வீணாகவும் போகாது, நாளைக்கு வேறு மெஷின் எடுத்தால் கழற்றி அதில் போடலாம்.

மின்ட் மாமா (பதுளை)

எல்லோரும் விண்டோசையே சுற்றி வருகிறீர்கள். விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 2029 வரை ஆதரவு, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 4 ஜிபி ரெம்மிலும் நன்றாக ஓடும். டிபிஎம் கேட்காது, தலைமுறை கேட்காது. தங்கச்சி ஐசிடி படிக்கிறார் என்றால் இன்னும் நல்லது. உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது, மின்டில் அது ஏற்கெனவே போட்டே வரும். ஈ-தக்சலாவ (கல்வி அமைச்சின் இணையப் பாடத்தளம்), சூம் எல்லாம் பிரவுசரில் திறக்கும். தமிழ் தட்டச்சுக்கும் குறையில்லை, விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்பதன் கீழேயே தமிழ்நெட் 99 இருக்கிறது.

போடாமலேயே பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஒன் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்கைத் தொடாது. வைஃபை, சத்தம், திரை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்க.

கணக்கு டீச்சர் (தலவாக்கலை)

மாமா, பிரின்டர்? எங்கள் வீட்டிலும் அதே 2900தான். என் மகன் லினக்ஸ் போட்டுவிட்டு அந்த பிரின்டரோடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மின்ட் மாமா (பதுளை)

அதை மறுக்க முடியாது டீச்சர். 2900 மாதிரிப் பழைய கெனன் லேசர்கள் கெனனின் சொந்த மொழியில் பேசுபவை. லினக்சுக்கு டிரைவர் விட்டார்கள், ஆனால் அது பழைய 32 பிட் கோப்புகளை நம்பி நிற்கிறது, புதிய பதிப்புகளில் மல்லுக்கட்ட வேண்டும். எச்பி பிரின்டர்களில் பெரும்பாலானவை போட்டதும் வேலை செய்யும். கெனனில் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும். சின்ன யூஎஸ்பி வைஃபை குச்சிகளும் சிலது தகராறு பண்ணும். அப்போது ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் இன்டர்நெட் வந்துவிடும்.

பிரின்டர்தான் பிழைப்பு என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன் ஆகும்போது எது என்று கேட்கும். வினாத்தாளுக்கு விண்டோஸ், இன்டர்நெட்டுக்கும் படிப்புக்கும் மின்ட்.

கணக்கு டீச்சர் (தலவாக்கலை)

எக்செல் புள்ளிப் பட்டியலில் மெக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) எழுதி வைத்திருப்பவர்கள், மின்டில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒபிஸில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மாறுங்க. சாதாரணக் கூட்டல், சராசரி, தரவரிசை எல்லாம் சரியாக வரும். மெக்ரோதான் முரண்டு பிடிக்கும்.

தேயிலைக்காடு (மஸ்கெலியா)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது லெப்டொப், ஐ3 8ஆம் தலைமுறை. பட்டியலில் இருக்கிறது. ஆனால் பிசி ஹெல்த் செக் (11 ஓடுமா என்று சோதிக்கும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள்) போட்டுப் பார்த்தால் செக்யூர் பூட் இல்லை, டிபிஎம் இல்லை என்கிறது. இதையும் மாற்றச் சொல்வார்களோ?

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

வேண்டாம், கடைப்பக்கமே போகாதீங்க. 8ஆம் தலைமுறையில் இரண்டும் இருக்கும். யாரோ விண்டோசைப் பழைய லெகசி முறையில் போட்டுத் தந்திருக்கிறார்கள், அதனால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கிறது. விண்டோஸ் 10க்குள்ளேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது. கோப்புகளை அழிக்காமலே டிஸ்கை ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்றும். டிஸ்கில் மூன்று பிரைமரி பிரிவுகளுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். மாற்றிய உடனே பயோசில் லெகசியை யூஈஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும், அதுவரை மெஷின் எழும்பாது, பதறாதீங்க. பிறகு செக்யூர் பூட், பிடிடி இரண்டையும் ஒன் பண்ணுங்க.

இதற்கெல்லாம் முன்னால் பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஒன் ஆகி இருக்கிறதா பாருங்க. இருந்தால் தற்காலிகமாக நிறுத்தி வைங்க. பயோசில் கை வைத்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி வழக்கமாக மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் கணக்கைத் திறந்து தந்தவர் கடைக்காரர் என்றால் அது எந்த ஈமெயிலில் என்று இப்போதே தேடுங்க. சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை மைக்ரோசொஃப்டாலும் திறந்து தர முடியாது.

தேயிலைக்காடு (மஸ்கெலியா)

பிட்லொக்கர் இல்லை, பார்த்துவிட்டேன். நன்றி அண்ணே. எங்கள் பக்கம் பின்னேரமானால் இடி மின்னல், கரண்டும் போகிறது. ஏற்றும்போது நடுவில் போனால்?

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

லெப்டொப்பில் பெட்டரி நன்றாக இருந்தால் கவலை வேண்டாம். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். விண்டோஸ் ஏற்றத்தின் நடுவில் கரண்ட் போனால் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பயோஸ் அப்டேட் நடுவில் போனால் மதர்போட் செத்துப்போகலாம். அது இரண்டும் வேறு வேறு விஷயம், குழப்பிக்கொள்ளாதீங்க. நம் பக்கம் காலையில்தான் வானம் ஓரளவு அமைதி, அந்நேரம் பார்த்துச் செய்யுங்க. மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்க. டெலிபோன் கம்பி வழியாக வந்த மின்னலில் ரவுட்டரோடு நெட்வேர்க் வயர் மாட்டும் பகுதியும் கருகிய மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

பண்டாரவளை பொடியன்

ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேலே. இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் படுக்கப் போகும்போது போட்டுவிடுங்க. கொமியுனிகேஷன் கடையில் பென் டிரைவில் கொப்பி எடுத்துத் தருகிறேன் என்பார்கள், வாங்காதீங்க. அதற்குள் எக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமல் விண்டோசை ஓட வைக்கும் திருட்டு மென்பொருள்), அது இது என்று என்னென்னவோ சேர்த்திருப்பார்கள். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து நேரே எடுங்க.

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

இதில் பொடியனோடு நூறு வீதம் ஒத்துப்போகிறேன். முறையான லைசென்சோடு ஓடும் 10 என்றால் 11க்குக் காசு கேட்கவே மாட்டார்கள். எக்டிவேட்டரால் ஓட்டும் மெஷினுக்கு ஈஎஸ்யூ, 11 என்று பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதே வீண். கதவைத் திறந்து கொடுத்ததே நாம்தான்.

சிங்கமலை (கொட்டகலை)

என்னுடையது வாங்கும்போதே லைசென்சோடு வந்தது. ஈஎஸ்யூ இணைப்பைத் தேடினேன், இருந்தது, சேர்ந்துவிட்டேன். காசு கேட்கவில்லை. மதர்போட் மாற்றும் எண்ணத்தை விட்டாச்சு. சம்பளம் வந்ததும் எஸ்எஸ்டி எடுக்கிறேன். மின்டை பென் டிரைவில் போட்டுப் பார்த்தோம். தங்கச்சிக்குப் பிடித்துவிட்டது, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. 2026 ஒக்டோபருக்குப் பிறகு விண்டோசை இன்டர்நெட்டில் இருந்து கழற்றிவிட்டு வினாத்தாளுக்கும் பிரின்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஒரு சந்தேகம். எஸ்எஸ்டிக்கு விண்டோசை அப்படியே குளோன் பண்ணினால் பழைய ஹார்ட் டிஸ்கையும் உள்ளேயே விடலாமா?

ஸ்குரூடிரைவர் (நுவரெலியா)

திட்டம் சரி. அப்பாவின் பேங்க் வேலையை மட்டும் அந்தத் திகதிக்கு முன்னாலேயே மின்டுக்குப் பழக்கிவிடுங்க.

குளோன் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பழைய டிஸ்கின் வயரைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியோடு மட்டும் முதல் தடவை ஒன் பண்ணுங்க. இரண்டும் சேர்ந்து இருந்தால் எதிலிருந்து எழும்புகிறது என்றே தெரியாது, பழையதையே பாவித்துக்கொண்டு எஸ்எஸ்டியில் வேகம் இல்லை என்று திட்டுவீர்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. வினாத்தாள் ஒன்றைத் திறந்து, பிரின்ட் எடுத்து, எல்லாம் சரி என்றால் பழையதை மாட்டி ஃபோர்மட் பண்ணலாம்.

கணக்கு டீச்சர் (தலவாக்கலை)

ஃபோர்மட் பண்ணுவதற்கு முன்னால் பாமினிக் கோப்புறை பென் டிரைவில் திறக்கிறதா என்று இன்னொரு மெஷினில் போட்டுப் பாருங்க தம்பி.